நம் அடுக்ககம் நிலநடுக்கத்தைத் தாங்குமா?

வாசகர் கேள்விகளும் கட்டமைப்புப் பொறியாளரின் பதில்களும்

கட்டி முடித்துப் பல ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் கான்கிரீட் கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்பை எப்படி அறிவது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரங்கள் கூடுதலாக உள்ள கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் அடுக்ககம் 1994-ஆம் ஆண்டு கட்டியது. கீழே முழுவதும் கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. இந்த ஆண்டு கட்டடத்துக்கு வெளிப்பூச்சும் வண்ணமும் செய்யப் போகிறோம். அதற்கு முன் நிலநடுக்கப் பாதுகாப்பையும் பார்த்துவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "சென்னையில் நிலநடுக்கம் ஏது? முப்பது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறதே" என்று எல்லோரும் மறுத்துவிட்டார்கள். நான் வீணாகப் பயப்படுகிறேனா ஐயா?
*வாசகி, மயிலாப்பூர், சென்னை*

இல்லை அம்மா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கேட்ட நேரமும் சரியானது. சங்கத்தார் சொல்லும் காரணங்கள் இரண்டு. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, சென்னையில் நிலநடுக்கமே கிடையாது என்பது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஐந்தரை அளவை ஒட்டி ஏற்பட்ட நிலநடுக்கத்தைச் சென்னையில் ஏராளமானோர் உணர்ந்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிகழ்ந்தபோது, உயரமான அலுவலகங்களில் இருந்தவர்கள் சாலைக்கு இறங்கி வந்து நின்றதை உங்கள் சங்கத்திலேயே சிலர் நினைவு வைத்திருப்பார்கள். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியை ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. கட்டடங்களை நிலநடுக்கத்துக்கேற்ப வடிவமைப்பதற்கான இந்திய விதிநூலான ஐ.எஸ். 1893, 2002-இல் திருத்தப்பட்டபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னையை, ஆபத்து அதைவிடக் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. உங்கள் கட்டடம் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே எழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே கட்டிய மூன்று, நான்கு மாடிக் கட்டடங்களில் பெரும்பாலானவை மேலிருந்து கீழே இறங்கும் பாரத்துக்கு மட்டுமே கணக்கிடப்பட்டவை.

இரண்டாவது காரணத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முப்பது ஆண்டுகளாக உங்கள் கட்டடம் சுமந்து நிற்பது தன் எடையையும் உங்கள் எடையையும்தான். நிலநடுக்கத்தின்போது வருவது பக்கவாட்டு விசை. அது இதுவரை அந்தத் தூண்கள் மீது கணிசமான அளவில் வந்ததே இல்லை. வராத விசையைத் தாங்கியதற்கு முப்பது ஆண்டுகள் சாட்சியாக முடியாது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அகமதாபாத் நினைவுக்கு வருகிறது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46 மணிக்குக் கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தது. அகமதாபாத் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அந்த நகரமும் மூன்றாம் மண்டலம்தான், இன்றைய சென்னையைப் போல. ஆனாலும் அங்கே டஜன் கணக்கில் கான்கிரீட் அடுக்ககங்கள் நொறுங்கின. நூற்றுக்கணக்கானோர் அவற்றுக்குள் மாண்டார்கள். விழுந்தவற்றில் பல, கீழே கார் நிறுத்துமிடமும் மேலே நான்கு மாடியும் கொண்டவை. அவற்றின் தூண்கள் ஒன்பது அங்குல அகலம். சிலவற்றில் மேல்மாடி வெளியே நீண்டு, அந்த நீட்டலின் நுனியில் தரைவரை இறங்காத தூண்கள் நின்றன. மொட்டை மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதே தெருக்களில், தரைத்தளத்திலும் செங்கல் சுவர்கள் இருந்த கட்டடங்கள் பல விரிசலோடு தப்பின.

காரணம் புரிந்துகொள்ள எளிதானது. மேல்மாடிகளில் அறைக்கு அறை சுவர் இருப்பதால் அவை ஒரே பெட்டியைப் போல இறுகி நிற்கின்றன. கீழே சுவரே இல்லை. நிலம் அசையும்போது நான்கு தளங்களும் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டிய அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்துத் தூண்களில் வந்து குவிகிறது. 2002 விதிநூல் இத்தகைய திறந்த தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் கணக்கில் வரும் விசையைப் போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது இதனால்தான்.

ஆகவே சங்கத்தில் மறுபடியும் பேசுங்கள். வண்ணம் அடிப்பதற்கு முன்பே மதிப்பீட்டை முடித்துவிடுவது நல்லது. தூண்களின் பூச்சைச் சில இடங்களில் பெயர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். சாரம் கட்டி ஆட்கள் வேலை செய்யும்போதே அதைச் செய்துவிட்டால் இரண்டாம் முறை செலவு வராது.

மதிப்பீடு என்றால் பொறியாளர் வந்து என்னதான் செய்வார்? எங்கள் கட்டடத்தின் வரைபடம் எங்களிடம் இல்லை. கட்டிக்கொடுத்தவரும் இப்போது தொழிலில் இல்லை. கணக்கு விவரமாக எழுதினாலும் புரிந்துகொள்வேன்; நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்.
*வாசகர், கோயம்புத்தூர்*

ஐயா, கணித ஆசிரியர் என்றே சொல்லிவிட்டதால் கணக்கோடு எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஏற்கெனவே உள்ள கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிடுவதற்கென்று ஐ.எஸ். 15988 என்ற வழிகாட்டி நூல் 2013-இல் வந்தது. அது வேலையை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. முதற்கட்டத்தில், அதிகக் கணக்கில்லாமல் எங்கே பலவீனம் இருக்கக்கூடும் என்று கண்டுகொள்வது. அதில் ஐயம் எழுந்தால் கட்டடம் முழுவதையும் கணினியில் அமைத்து, ஒவ்வொரு தூணும் உத்திரமும் தாங்கவேண்டிய விசையைத் தாங்கக்கூடிய விசையோடு ஒப்பிடும் விரிவான இரண்டாம் கட்டம். ஜப்பானியர் இத்தகைய மதிப்பீட்டு முறையை 1977-லேயே மூன்று நிலைகளாக வகுத்துவிட்டார்கள். அவர்களுடைய முதல் நிலையும் தூண், சுவர்களின் குறுக்குப் பரப்பை வைத்துச் செய்யும் எளிய கணக்குதான்.

முதல் நாள் பொறியாளர் கையில் அளவு நாடாவோடு வருவார். வரைபடம் இல்லாததால் தூண்களின் இடம், அளவு, உத்திரங்களின் ஆழம், எந்தச் சுவர் எந்த மாடியில் நிற்கிறது என்பதையெல்லாம் அளந்து புதிதாக வரையவேண்டும். பலர் நினைப்பதைவிட இந்த வேலைக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். வரைபடத்தில் பார்க்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒவ்வொரு தூணும் மொட்டை மாடியிலிருந்து அஸ்திவாரம் வரை தடையில்லாமல் இறங்குகிறதா? இரு திசையிலும் உத்திரமும் தூணும் சேர்ந்த சட்டகங்கள் முறையாக ஓடுகின்றனவா, அல்லது ஒரு திசையில் உத்திரமே இல்லாமல் தளத்தை மட்டும் நம்பியிருக்கிறார்களா? மாடிப்படியும் லிஃப்ட் சுவரும் ஒரே மூலையில் இருந்து, கட்டடம் முறுக்கிக்கொள்ளும்படி செய்துவிடுமா? பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் இடைவெளி இருக்கிறதா, அந்தக் கட்டடத்தின் தளம் நம் தூணின் நடுப்பகுதியில் வந்து மோதுமா?

அடுத்து கணக்கு. மேலே மயிலாப்பூர் வாசகி எழுதியதைப் போன்ற ஒரு கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம்: 15 மீட்டருக்கு 10 மீட்டர், தரைத்தளம் திறந்தது, அதன் மேல் மூன்று மாடி, ஆக நான்கு கூரைத்தளங்கள். குடியிருப்புக் கட்டடத்தில் தளம், சுவர், பூச்சு எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்று கொண்டால் மொத்தம் 600 டன். மூன்றாம் மண்டலத்தின் குணகம் 0.16, அதில் பாதியை எடுத்து, குட்டையான கட்டடத்துக்குரிய அதிர்வுப் பெருக்கமான 2.5-ஆல் பெருக்கி, சாதாரணச் சட்டகத்துக்குரிய 3-ஆல் வகுத்தால் 0.067 கிடைக்கும். அதாவது எடையில் சுமார் ஏழு சதவீதம், 40 டன், கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்று கொள்ளவேண்டும். பழைய கட்டடத்துக்கு மீதமுள்ள ஆயுள் குறைவு என்பதால் விதிநூல் சற்றுச் சலுகை தருகிறது. ஆனாலும் புதுக் கட்டடத்துக்குரிய விசையில் பத்தில் ஏழு பங்குக்குக் கீழே போக அனுமதிப்பதில்லை. ஆக 28 டன்.

கீழே ஒன்பதுக்குப் பதினைந்து அங்குலத் தூண்கள் பதினாறு, நான்கு வரிசையில் நான்கு வீதம் நிற்கின்றன என்று கொள்வோம். அவற்றின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.39 சதுர மீட்டர். 28 டன்னை அதால் வகுத்து, சட்டக எண்ணிக்கையைப் பொறுத்து விதிநூல் சேர்க்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்தால், தூணைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.27 நியூட்டன் வரும். அனுமதி எல்லை 0.4, அல்லது கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. அந்தக் காலத்து எம்15 கான்கிரீட்டுக்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் வலிமையுள்ளதற்கு, 0.39. ஆகவே கட்டடம் தேறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் கீழ்த்தளம் திறந்தது என்ற உண்மையை உள்ளே கொண்டுவந்து, இரண்டரை மடங்கைச் சேர்த்தால் 0.67 ஆகிவிடும். அதே தூண்கள், அதே கான்கிரீட். சுவர் இல்லாத ஒரே காரணத்தால் எல்லையைத் தாண்டிவிட்டன. இதனால் கட்டடம் நாளையே விழும் என்று பொருள் கொள்ளவேண்டாம். இரண்டாம் கட்டத்தைத் தவிர்க்க முடியாது என்பதே இதன் பொருள்.

கணக்கு காட்டாத ஒன்றைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். அது தூணுக்குள் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரிங் கம்பி. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையின் தென்பகுதியில் ஓர் அடுக்ககத்தில், தரைத்தளத் தூணின் மேல்முனையில், உத்திரத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டடி உயரத்துக்குப் பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் பெயர்க்கச் சொன்னேன். அந்த இரண்டடியில் ரிங் மூன்றே மூன்று; இடைவெளி பத்து அங்குலத்தை நெருங்கியது. ஒவ்வொரு ரிங்கின் முனையும் செங்கோணத்தில் மடக்கிவிடப்பட்டிருந்தது. தூணும் உத்திரமும் சந்திக்கும் இடத்தில் ரிங்கே இல்லை. நெடுங்கம்பிகளோ பிழையில்லாமல் இருந்தன. முறுக்குக் கம்பி, துரு ஏறாமல் நீலமாக மின்னியது. அருகில் நின்ற சங்கச் செயலாளர் நிம்மதியாக, "கம்பி நன்றாகத்தானே இருக்கிறது சார்" என்றார். நெடுங்கம்பி நன்றாக இருந்தும் பயன் குறைவு என்பதை அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கட்டடம் பலமாக ஆடும்போது தூணின் மேலும் கீழும் உள்ள முனைகளில் கான்கிரீட் நொறுங்கி வெளியே பிதுங்கப் பார்க்கும். அதைப் பிடித்து உள்ளே வைத்திருப்பது ரிங்தான். செங்கோணத்தில் மடக்கிய முனை, வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் திறந்துகொள்ளும். ஐ.எஸ். 13920 விதிநூல் முனைகளில் குறைந்தது ஒன்றரை அடி நீளத்துக்கு நான்கு அங்குலத்துக்கு மிகாத இடைவெளியில் ரிங் போடவும், அதன் முனையை 135 பாகைக்கு மடக்கித் தூணின் உள்வயிற்றுக்குள் செருகவும் சொல்கிறது. அது 1993-இல் வெளிவந்த விதிநூல். அப்போது இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னைக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே அந்தக் கம்பி கட்டியவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குச் சொல்லித்தந்தவர் எவரும் இல்லை.

உங்கள் கட்டடத்திலும் குறைந்தது இரண்டு மூன்று தூண்களில் இப்படித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகு நல்ல கலவையால் மூடிவிட வேண்டும். வரைபடமும் பதிவுகளும் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குத் தூணின் வலிமையைக் குறைத்தே கணக்கிடவேண்டும் என்பதும் விதி. அதனால் இப்படித் திறந்து உறுதிசெய்யும் ஒவ்வொரு விவரமும் உங்களுக்கு நன்மையாகவே முடியும்.

எங்கள் வளாகத்துக்கு ஒரு சோதனைக்கூடத்தார் வந்து, தூண்களைச் சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்த்து, "கட்டடம் பாதுகாப்பானது" என்று சான்றிதழ் கொடுத்தார்கள். இது நிலநடுக்கத்துக்கும் போதுமா?
*வாசகர், தூத்துக்குடி*

போதாது. சோதனை வேறு, மதிப்பீடு வேறு என்பதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தக் கருவியின் பெயர் ரீபவுண்ட் ஹாமர். அது கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கடினம் என்று மட்டும் காட்டும். அதிலிருந்து ஊகிக்கும் வலிமை இருபத்தைந்து சதவீதம் வரை முன்பின்னாக இருக்கலாம். பழைய கட்டடத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி மேற்பரப்பை இறுகச் செய்துவிடுகிறது. அதனால் உள்ளே நலிந்த கான்கிரீட்டுக்கும் சுத்தியல் நல்ல எண்ணைக் காட்டிவிடும். பூச்சின் மேலேயே தட்டியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

உண்மையான வலிமை தெரியவேண்டுமானால் துளையிட்டு கோர் எனப்படும் உருளை வடிவக் கான்கிரீட் துண்டுகளை எடுக்கவேண்டும்; குறைந்தது மூன்று. கம்பி இருக்கும் இடத்தை முதலில் கருவியால் கண்டு விலக்கி, தூணின் அகலமான முகத்தில், நடு உயரத்தில் எடுக்கவேண்டும். அவற்றின் சராசரி, கேட்ட வலிமையில் 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் கான்கிரீட்டை ஏற்கலாம் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான விதிநூலான ஐ.எஸ். 456. அல்ட்ராசோனிக் சோதனை உள்ளே வெற்றிடம், தேன்கூடு போன்ற ஓட்டைகள் உண்டா என்று சொல்லும்; அதையும் சேர்த்துச் செய்வது நலம்.

நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பது உள்ளேயே தொடங்கிவிடும். மேலே கீறல் தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் அரைமின்கலச் சோதனையில் அது எதிர்மறையில் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருப்பதற்கான வாய்ப்பு தொண்ணூறு சதவீதம் என்று கொள்வது வழக்கம். முதலில் அரிக்கப்படுவது பெரும்பாலும் வெளிப்புறத்தில் இருக்கும் மெல்லிய ரிங் கம்பிதான். நிலநடுக்கத்தில் நமக்கு மிகவும் வேண்டியதும் அதுவே. ஆகவே கடலோரக் கட்டடத்தில் துருவைப் பழுதுபார்ப்பு வேலை என்று தனியே ஒதுக்காமல், இந்த மதிப்பீட்டின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை சோதனைகளும் தருவது கணக்குக்கு வேண்டிய எண்களை. கணக்கு எங்கே என்று உங்களுக்குச் சான்றிதழ் தந்தவரிடம் கேளுங்கள். எந்த மண்டலம், எவ்வளவு விசை, எந்தத் தூண் எவ்வளவு தாங்கும் என்று எழுதாத அறிக்கையை நிலநடுக்கச் சான்றாக ஏற்கவேண்டாம்.

உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நேர்கோடாக ஒரு கீறல் ஓடுகிறது. ஆபத்தா?
*வாசகி, சேலம்*

பெரும்பாலும் இல்லை. செங்கல்லும் கான்கிரீட்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அவை சேரும் இடத்தில் வரும் கீறல் அது. தூணில் சாய்வாக ஓடும் கீறலோ, நெடுங்கம்பியை ஒட்டி மேலிருந்து கீழாக இறங்கும் கீறலோ, பழுப்புக் கறையோ இருந்தால்தான் உடனே ஆளை அழைக்கவேண்டும். கீறலே இல்லாத தூணுக்குள்ளும் ரிங் இல்லாமல் இருக்கலாம் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தை ஒரு கடைக்கு வாடகைக்கு விட்டோம். அவர்கள் நடுச்சுவர்கள் மூன்றையும் முன்சுவரையும் எடுத்துவிட்டுக் கண்ணாடி போட விரும்புகிறார்கள். "தூண்தான் தாங்குகிறது, சுவர் வெறும் மறைப்பு" என்று மேஸ்திரி சொல்கிறார். மதுரை இரண்டாம் மண்டலம்தானே, எடுக்கலாமா?
*வாசகர், மதுரை*

தயவுசெய்து எடுக்கவிடாதீர்கள், குறைந்தபட்சம் ஒரு பொறியாளர் கணக்கிட்டுப் பார்க்கும்வரை. மேஸ்திரி சொல்வது மேலிருந்து வரும் பாரத்துக்குச் சரி. பக்கவாட்டு அசைவின்போது தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இறுக்கிக் கட்டிய செங்கல் சுவர் மூலைக்கு மூலை முட்டுக்கொடுத்ததுபோல நின்று, அந்தத் தளத்தின் விறைப்பில் பெரும்பங்கைத் தருகிறது. மேல்மாடிச் சுவர்கள் இருக்க, கீழ்ச்சுவர்களை மட்டும் எடுத்தால், கட்டும்போது இல்லாத திறந்த தளத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியும் பின்பக்கம் முழுவதும் சுவருமாக இருந்தால் கட்டடம் ஆடும்போது திருகவும் செய்யும். முன்வரிசைத் தூண்கள் மற்றவற்றைவிட அதிகம் அலையும். இரண்டாம் மண்டலத்தில் விசை குறைவு என்பது உண்மைதான், குணகம் 0.16-க்குப் பதில் 0.10. ஆனால் உங்கள் கட்டடம் அந்தக் குறைந்த விசைக்காவது வடிவமைக்கப்பட்டதா என்பது யாருக்கும் தெரியாது.

சுவரை எடுத்தே ஆகவேண்டும் என்றால், எடுக்கும் விறைப்புக்கு ஈடாக வேறு இடத்தில் கான்கிரீட் சுவரோ இரும்புக் குறுக்குச் சட்டமோ முதலில் அமைத்துவிட்டு, அதன் பிறகு எடுக்கவேண்டும்.

எங்கள் பள்ளிக் கட்டடம் 1980-களில் கட்டியது, இரண்டு மாடி. வகுப்பறைகளின் வெளிச்சுவர் மூன்றடி உயரம் வரை செங்கல், அதற்கு மேல் தூணுக்குத் தூண் முழுநீள ஜன்னல். பழைய மாணவர் ஒருவர் இது நிலநடுக்கத்தில் ஆபத்தான அமைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். காற்றும் வெளிச்சமும் நன்றாக வருகிறதே, அதில் என்ன ஆபத்து?
*பள்ளித் தாளாளர், வேலூர்*

உங்கள் பழைய மாணவர் சரியாகக் கவனித்திருக்கிறார். தூணின் கீழ்ப்பகுதியை இருபுறமும் சுவர் இறுகப் பிடித்திருப்பதால், அசைவதற்கு விடப்பட்டிருப்பது ஜன்னல் உயரத்துத் தூண் மட்டுமே. பத்தடித் தூண் ஆறேழு அடித் தூணாகிவிடுகிறது. ஒரே தளத்தில் எல்லாத் தூண்களும் ஒரே அளவு நகர்ந்தாக வேண்டும். குட்டையானது நீளமானதைவிடப் பலமடங்கு விறைப்பாக இருப்பதால் அது அதற்கேற்ப அதிக விசையை இழுத்துக்கொள்ளும். உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. அவ்வளவு விசை வரும்போது தூண் வளைந்து கொடுக்காமல் பெருக்கல் குறிபோல வெடித்துவிடும். ஜப்பானில் 1968-ஆம் ஆண்டு தொக்காச்சி நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இப்படித்தான் சேதமடைந்தன. அதைப் பார்த்த பிறகே அங்கே தூண்களில் ரிங்கை நெருக்கிப் போடும் விதி 1971-இல் வந்தது. மாடிப்படியின் நடுமேடையைத் தாங்க இடையில் உத்திரம் சேரும் தூணிலும் இதே சிக்கல் உண்டு. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்குத் தீர்வு கட்டடத்தையே மாற்றுவதாக இருக்கவேண்டியதில்லை. சில இடங்களில் சுவரைத் தூணிலிருந்து சிறு இடைவெளி விட்டுப் பிரித்து, சுவர் சாய்ந்துவிடாதபடி தனியே பிடிமானம் கொடுக்கலாம். வேறு சில இடங்களில் ஜன்னலை மூடி முழுச் சுவராக்கலாம். குட்டைத் தூண்களைச் சுற்றி இரும்புத் தகடோ நாரிழைத் துணியோ போர்த்தலாம். எதை எங்கே என்பதைக் கணக்கு சொல்லும். கோடை விடுமுறையில் ஒரு பகுதி, அரையாண்டு விடுமுறையில் ஒரு பகுதி என்று பிரித்தும் செய்யலாம். பள்ளிக் கட்டடத்துக்கு முக்கியத்துவக் குணகம் 1.5 என்பதால், வீட்டுக்கு எடுக்கும் விசையைப் போல் ஒன்றரை மடங்குக்கு அது நிற்கவேண்டும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்டடம் என்பதால், இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் உடனடியாகக் கவனிக்கவேண்டியது உங்களுடையது என்று எனக்குப் படுகிறது. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்வரை காத்திருக்கவேண்டாம்.

மதிப்பீடு செய்துவிட்டோம். தரைத்தளத் தூண்கள் போதாது என்று வந்துவிட்டது. ஓர் ஒப்பந்ததாரர் முன்வரிசையில் உள்ள நான்கு தூண்களுக்கு மட்டும் ஜாக்கெட்டிங் செய்தால் போதும் என்று குறைந்த விலை சொல்கிறார். அதோடு மொட்டை மாடியில் இன்னொரு தளமும் கட்டிக்கொள்ளலாம் என்கிறார். ஏற்கலாமா?
*வாசகர், அம்பத்தூர், சென்னை*

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: கட்டவேண்டாம். தூண்கள் போதாது என்று அறிக்கை வந்த கட்டடத்தின் தலையில் மேலும் நூற்றைம்பது டன் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. எடை கூடக்கூடப் பக்கவாட்டு விசையும் கூடும்.

ஜாக்கெட்டிங் நல்ல முறைதான். பழைய தூணின் மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, புதிய நெடுங்கம்பியும் நெருக்கமான ரிங்கும் கட்டி, நாற்புறமும் குறைந்தது நான்கு அங்குலம் புதுக் கான்கிரீட் போடவேண்டும். புதுக் கான்கிரீட் பழையதைவிடச் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 5 நியூட்டன் வலிமை கூடுதலாக இருக்கவேண்டும். ஆனால் முன்வரிசைக்கு மட்டும் போட்டால் அந்தப் பக்கம் விறைத்து, மற்றப் பக்கம் தளர்ந்து, கட்டடம் முன்னைவிட மோசமாகத் திருகும். புதுக் கம்பி தளத்துக்கும் உத்திரத்துக்கும் கீழேயே நின்றுவிட்டால், தூணின் முனையில் வளைவைத் தாங்க அது உதவாது. தளத்தைத் துளைத்து மேலே கொண்டுபோகவும், கீழே அஸ்திவாரத்தில் நங்கூரமிடவும் வேண்டும். ஒப்பந்ததாரரின் விலைப்பட்டியலில் அஸ்திவார வேலை என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறைந்த விலைக்குக் காரணம் தெரிந்துவிடும்.

உங்கள் கட்டடத்தைப் போன்ற திறந்த தரைத்தளத்துக்கு, எல்லாத் தூண்களையும் பெருக்குவதைவிடச் சிக்கனமான வழி பல நேரங்களில் உண்டு. கார்கள் வந்துபோகும் வழியை விட்டுவிட்டு, இரு திசையிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே அளவாக, தூணுக்கும் தூணுக்கும் இடையே கான்கிரீட் சுவர்களை அஸ்திவாரத்தோடு சேர்த்து எழுப்பினால், அசைவின் பெரும்பகுதியை அவை ஏற்றுக்கொள்ளும். அப்போது தூண்களில் சிலவற்றுக்கு மட்டும் போர்வை போதுமானதாகலாம். இரண்டு அல்லது மூன்று கார் இடங்களை இழக்க நேரிடும். எந்த இடங்கள் என்பதைச் சங்கம் முதலில் பேசி முடித்துக்கொண்டு, மதிப்பீடு செய்த அதே பொறியாளரிடம் இரண்டு வழிகளுக்கும் தனித்தனியே கணக்கும் செலவும் கேளுங்கள். வேலை முடிந்ததும், வலுப்படுத்திய நிலையில் கட்டடத்துக்கு மறுகணக்கு எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.